நமக்கு அயலார் யார்?

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழா என்றால் இசையும் நாடகமும் குழந்தைகளின் ஆடலும் விருந்தும் நிறைந்திருத்தல் இயல்பு. அவற்றினிடையே சொற்பொழிவுக்கென்று சிறிது நேரத்தை ஒதுக்கி, அதிலும் ‘கிறித்தவ நெறியை வாழ்க்கையில் கடைப்பிடித்தல்’ என்னும் பொருளைத் தேர்ந்து நமக்களித்த சங்கத்தாரின் பெருந்தன்மை போற்றுதற்குரியது. சைவரும் வைணவரும் இசுலாமியரும் கிறித்தவரும், எச்சமயமும் சாராதவரும் ஒருங்கே அமர்ந்திருக்கும் அவை இது. இத்தகைய அவையில் ஒரு சமயத்தைப் பற்றிப் பேசுவோர்க்குப் பொறுப்பு மிகுதி. ஆதலின் முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். எவரையும் நம் பக்கம் அழைப்பதற்காக நாம் இங்கு எழுந்து நிற்கவில்லை. அந்நெறி தன்னைப் பின்பற்றுவோரிடம் எதைக் கேட்கிறது, கேட்டதைக் கொடுக்க அவர்கள் எங்கே தயங்கினர், எங்கே துணிந்து கொடுத்தனர் என்பதையே நாம் எடுத்துரைக்க விழைகிறோம். அதில் உங்களுக்குப் பயன்படுவது ஏதேனும் இருப்பின் எடுத்துக் கொள்ளுங்கள்.

இரண்டு கட்டளைகள்

கிறித்தவ சமயம் ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டு வரலாறு உடையது. அதன் கோட்பாடுகளை விளக்க எழுந்த நூல்கள் நூலகங்களை நிரப்பும். சபைகள் பல, சடங்குகள் பல, பிரிவுகளும் பல. ஆயினும், எல்லாக் கட்டளைகளிலும் தலையாயது எது என்று ஒருவர் வினவியபோது இயேசு பெருமான் சுருக்கமாகவே விடை பகர்ந்தார். இறைவனை முழு உள்ளத்தோடு நேசிப்பது ஒன்று. தன்னை நேசிப்பது போலவே பிறரை நேசிப்பது மற்றொன்று. இவ்விரண்டிலும் எல்லாம் அடங்கும் என்றார்.

முதற்கட்டளையை ஒருவர் கைக்கொள்கிறாரா என்பதைப் பிறர் அறிய இயலாது. அது அவருக்கும் இறைவனுக்கும் இடையே உள்ளது. இரண்டாவது கட்டளையோ அப்படிப்பட்டதன்று. அதை நாம் கைக்கொள்கிறோமா இல்லையா என்பது அடுத்த வீட்டாருக்குத் தெரியும். வீட்டு வேலை செய்வோருக்குத் தெரியும். அலுவலகத்தில் நமக்குக் கீழே பணியாற்றுவோருக்கு நன்றாகவே தெரியும். ஆதலால் இரண்டாவதைப் பற்றியே இன்று பேசுவோம்.

தமிழ்த் திருமறையில் இவ்விடத்தில் ‘பிறன்’ என்றும் ‘அயலான்’ என்றும் சொற்கள் ஆளப்பட்டுள்ளன. ‘அயல்’ என்னும் நம் தமிழ்ச் சொல்லைச் சற்று எண்ணிப் பாருங்கள். அயல் வீடு என்றால் பக்கத்து வீடு. அயல் நாடு என்றாலோ வேற்று நாடு. அண்மையையும் அந்நியத்தையும் ஒரே சொல்லில் அடக்கியவர்கள் தமிழர்கள். பக்கத்தில் இருந்தும் வேற்றவராய் இருப்பவர் அயலார். அவரை என்ன செய்வது என்பதே கிறித்தவ நெறி எழுப்பும் வினா. வங்காளத்தில் வந்து குடியேறிய நமக்கு இவ்வினா புதிதன்று. நாமே இந்நகரத்திற்கு அயலார். இந்நகரத்தார் நமக்கு அயலார்.

எரிகோ சாலை

சட்டம் அறிந்த ஒருவர் இயேசு பெருமானிடம் வந்து, எனக்கு அயலான் யார் என்று கேட்டதாக லூக்கா எழுதிய நற்செய்தி கூறுகிறது. அதற்கு விடையாகப் பெருமான் ஒரு கதை சொன்னார். உங்களில் பலர் பள்ளியில் கேட்டிருப்பீர்கள். கேட்ட கதைதான் என்று கடந்து போகாமல், அதன் உட்பொருளைக் கூர்ந்து நோக்குவோம்.

எருசலேம் மலை மேல் உள்ள நகரம். எரிகோவோ கடல் மட்டத்தினும் தாழ்ந்த பள்ளத்தாக்கில் உள்ளது. இரண்டிற்கும் இடையே ஏறக்குறைய 25 கிலோ மீட்டர் தூரம். வறண்ட பாறைகளும் வளைவுகளும் நிறைந்த இறக்கம். கள்வர் ஒளிந்திருக்க ஏற்ற இடம். அவ்வழியே சென்ற ஒருவனைக் கள்வர் அடித்து, உடையையும் பறித்துக்கொண்டு, குற்றுயிராய் விட்டுச் சென்றனர். கோயிற் குரு ஒருவர் அவ்வழியே வந்தார், கண்டார், விலகிச் சென்றார். கோயிற் பணி செய்யும் லேவியர் ஒருவரும் அவ்வாறே சென்றார். மூன்றாவதாக ஒரு சமாரியன் வந்தான். அவன் இரங்கினான், புண்களில் எண்ணெயும் திராட்சை இரசமும் வார்த்துக் கட்டினான், தன் விலங்கின் மேல் ஏற்றிச் சத்திரத்திற்குக் கொண்டு சென்றான், மறுநாள் சத்திரக்காரனிடம் இரண்டு வெள்ளிக் காசு கொடுத்து, மேற்கொண்டு செலவானால் திரும்பி வரும்போது தருவதாகவும் உறுதி கூறினான்.

அந்நாளில் யூதரும் சமாரியரும் ஒருவரோடொருவர் புழங்குவதில்லை. எம்மலையில் இறைவனைத் தொழுவது என்பதிலேயே அவர்களுக்குள் நூற்றாண்டுகளாய்ப் பகை. யூதர்களிடம் கதை சொன்ன யூதராகிய பெருமான், தம் இனத்துக் குருவையும் லேவியரையும் கடமை தவறியோராகக் காட்டி, பகை இனத்தானை நல்லவனாகக் காட்டினார். நன்மை செய்யும் உரிமை எங்கள் சமயத்தார்க்கே உண்டு என்று ஒரு கிறித்தவன் சொல்வானானால், அவன் தன் ஆசானின் கதையையே மறந்தவன் ஆவான்.

இன்னொன்றும் காண்க. அந்த இரண்டு வெள்ளிக் காசுகள் அந்நாளில் ஒரு தொழிலாளியின் இரண்டு நாட் கூலிக்கு ஈடு. அவன் பெருஞ்செல்வத்தை வாரி வழங்கவில்லை; தன்னால் இயன்றதைத் தந்தான்; தந்ததோடு நில்லாமல், திரும்பி வந்து விசாரிப்பதாகவும் சொன்னான். ஒரு நாள் இரக்கம் எல்லார்க்கும் வரும். மறுநாளும் அதை நினைப்பதுதான் அரிது.

எல்லாவற்றினும் மேலானது கதையின் முடிவு. வந்தவர் கேட்டது, எனக்கு அயலான் யார் என்பது. கதையை முடித்தபின் பெருமான் திருப்பிக் கேட்டதோ, அடிபட்டவனுக்கு அயலான் ஆனவன் யார் என்பது. வேற்றுமையை உணர்ந்தீர்களா? அவர் எல்லை எங்கே என்று கேட்டார். பெருமான் எல்லையையே எடுத்துவிட்டார். ‘யார் நம்மவர்’ என்று பட்டியல் எழுதும் வேலை நமக்கு இல்லை. யாருக்கு நாம் அயலாராய் ஆனோம் என்பதே நம்மிடம் கேட்கப்படும் கணக்கு.

2020ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியில் நாடு முழுவதும் ஊரடங்கு அறிவிக்கப்பட்டபோது, பல்லாயிரம் தொழிலாளர்கள் மூட்டை முடிச்சோடு நெடுஞ்சாலைகளில் ஊர் நோக்கி நடந்தார்கள். அச்சாலைகள் எல்லாம் அன்று எரிகோ சாலைகளே. சீக்கியர் தம் குருத்துவாராக்களில் உலை வைத்து உணவளித்தனர். பெயர் தெரியாத சிற்றூர் மக்கள் தண்ணீர்க் குடத்தோடு வழியோரம் நின்றனர். உண்டவர்களின் சாதியையும் மொழியையும் அவர்கள் கேட்டதில்லை. சமாரியன் எல்லாச் சமயத்திலும் இருக்கிறான் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இந்நகரத்திலிருந்து சென்ற ஒரு கடிதம்

அயலாரை நேசி என்பது கேட்பதற்கு இனிது, நடப்பதற்குக் கடினம். கிறித்தவர்களுக்கும் அது எளிதாய் இருந்ததில்லை. இதற்கு இந்நகரமும் தமிழ் நாடும் சேர்ந்த ஒரு வரலாறே சான்று.

1833ஆம் ஆண்டில் சென்னைக்கெனத் தனிப் பேராயர் இல்லை. ஆங்கிலத் திருச்சபையின் இந்தியக் கோயில்கள் யாவும் கல்கத்தாப் பேராயரின் ஆளுகையில் இருந்தன. அப்போது அப்பதவியில் இருந்தவர் டேனியல் வில்சன் என்பார். தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி, வேப்பேரி முதலிய இடங்களின் தமிழ்க் கிறித்தவர்கள், ஞானஸ்நானம் பெற்ற பின்னும் சாதி பிரித்தே அமர்ந்தனர். திருவிருந்திலும் வேற்றுமை பாராட்டினர். ஒரே ஆண்டவரின் பந்தியில், ஒருவர் பருகிய கிண்ணத்தில் மற்றவர் பருக மறுத்தனர். செய்தி அறிந்த வில்சன், சாதி வேற்றுமையை உடனடியாகவும் முழுமையாகவும் விட்டொழிக்க வேண்டும் என்று அவ்வாண்டிலேயே இந்நகரத்திலிருந்து கடிதம் விடுத்தார்.

விளைந்தது என்ன? பலர் கோயிலை விட்டு வெளியேறினர். கீர்த்தனைகளால் இன்றும் தமிழ்க் கிறித்தவர் நெஞ்சில் வாழும் தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரும் அக்கட்டளையை எதிர்த்தவர்களுள் ஒருவர். பெரும்புலமையும் ஆழ்ந்த பத்தியும் உடையவர்கள் கூட, கிண்ணம் என்று வரும்போது தடுமாறினர். தெய்வத்தை மாற்றிக்கொள்வதினும் அடுக்களைப் பழக்கத்தை மாற்றிக்கொள்வது கடினம் என்பது அன்று வெளிப்பட்டது. இன்றும் அந்நோய் முற்றும் நீங்கிற்று எனச் சொல்வதற்கில்லை. கல்லறைத் தோட்டத்திலும் குறுக்குச் சுவர் எழுப்பிய ஊர்கள் தமிழகத்தில் உண்டு. வெட்கத்தோடு சொல்ல வேண்டிய செய்தி. ஆயினும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

அந்த வில்சன் பேராயரே இந்நகர மைதானத்தின் தென்கோடியில் தூய பவுல் பேராலயத்தை எழுப்பினார். 1839இல் தொடங்கிய பணி 1847இல் நிறைவுற்றது. விக்டோரியா நினைவு மண்டபத்திற்குக் குழந்தைகளை அழைத்துச் செல்லும்போது நீங்கள் அதன் கோபுரத்தைக் கண்டிருப்பீர்கள். அவர் உடல் அங்கேயே அடக்கம் செய்யப்பட்டுள்ளது.

கடிதம் எழுதி ஏறக்குறைய எண்பது ஆண்டுகள் சென்றன. 1912ஆம் ஆண்டு திசம்பர் 29ஆம் நாள் அதே பேராலயத்தில், ஒரு தமிழர் பேராயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். ஆங்கிலிக்கன் திருச்சபையில் இந்தியர் ஒருவர் அப்பதவியை அடைந்தது அதுவே முதன்முறை. அவர் பெயர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. அந்நாளைய திருநெல்வேலிச் சீமையில், தேரிக் காட்டையும் பனந்தோப்பையும் அடுத்த வெள்ளாளன்விளை என்னும் சிற்றூரில், 1874இல் ஒரு கிராமக் குருவின் மகனாகப் பிறந்தவர். கோயில் தெருவில் நடக்கவும் உரிமை மறுக்கப்பட்டிருந்த நாடார் சமூகத்தில் தோன்றியவர்.

அயலாரைத் தேடிச் சென்றவர்கள்

அசரியாவின் பெருமை அவர் பெற்ற பதவியால் வந்ததன்று. தாழ்த்தப்பட்ட ஒரு சமூகம் கல்வியால் தலைநிமிரும்போது, தன் மக்களின் நலத்தை மட்டும் நோக்குதல் உலக இயல்பு. திருநெல்வேலிக் கிறித்தவர்கள் அதனோடு நிற்கவில்லை. 1903ஆம் ஆண்டு பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரிச் சங்கத்தை நிறுவினர். அசரியா அதனை நிறுவியோருள் முதன்மையானவர். வெள்ளைக்காரர் பணத்தை எதிர்பாராமல், தம் காணிக்கையைக் கொண்டே தம் ஆட்களை அனுப்புவது என்பது அவர்கள் கொள்கை. அனுப்பிய இடம் தமிழ் நாட்டில் இல்லை. நிசாம் ஆட்சியில் இருந்த தோர்ணக்கல். இன்று அது தெலங்கானாவில் உள்ளது. மொழி வேறு, ஆட்சி வேறு, உணவு வேறு.

1905ஆம் ஆண்டு கிறித்து பிறந்த நாளன்று, இந்நகருக்கு அண்மையில் உள்ள சீராம்பூரில், தேசிய மிஷனெரிச் சங்கம் தோன்றியபோதும் அசரியா முன்னின்றார். 1909இல் தாமே குடும்பத்தோடு தோர்ணக்கல்லுக்குக் குடிபெயர்ந்தார். முப்பத்தைந்து வயதில் தெலுங்கு மொழியைக் கற்றுப் பேசலானார். மாட்டு வண்டியிலும் மிதிவண்டியிலும் ஊர் ஊராய்ச் சென்றார். அங்கே மாலர், மாதிகர் என்னும் இரு சமூகத்தாரும் ஒடுக்கப்பட்டோர். ஆயினும் தமக்குள் ஒருவரை ஒருவர் தாழ்வாக எண்ணி விலகி நின்றோர். ஒடுக்கப்பட்டவனும் தனக்குக் கீழே ஒருவனைத் தேடுகிறான் என்பது எவ்வளவு கசப்பான உண்மை! அவ்விரு சாராரையும் ஒரே கோயிலில், ஒரே பந்தியில் அமர்த்துவதற்கு அவர் இடைவிடாது உழைத்தார். 1945ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் மறையும் வரை அவருக்கு ஊர் தோர்ணக்கல்லே. 1939இல் நிறைவுற்ற அவ்வூர்ப் பேராலயத்தில் கோயிற் கலையும் மசூதிக் கலையும் கலந்திருத்தலைக் காண்போர், அதைக் கட்டியவரின் உள்ளத்தையும் காணலாம்.

1910ஆம் ஆண்டு எடின்பரோ நகரில் நடந்த உலக மாநாட்டில் அவர் பேசிய பேச்சும் நினைக்கத்தக்கது. ஐரோப்பிய மிஷனெரிமார் இந்தியர்க்குப் பொருள் தந்தனர், உழைப்பைத் தந்தனர், உயிரையும் தந்தனர், இவற்றிற்கெல்லாம் நன்றியுடையோம், ஆனால் சமமாய் வைத்து நட்பைத் தரவில்லை, அதையும் தாருங்கள் என்னும் கருத்தில் அவர் வேண்டினார். அவையில் சிலர் சினந்தனர். கேட்டது சிறிது, ஆனால் கேட்ட இடமும் காலமும் பெரியவை.

அன்பர்களே, கொடுப்பவன் மேலே நின்று கொடுக்கிறான்; நண்பன் அருகே அமர்ந்து உண்கிறான். கிறித்தவ நெறி கேட்பது இரண்டாவதை. இந்நகரின் காளிகோயில் அருகே 1952இல் அன்னை தெரேசா சாகக் கிடப்போர்க்கு ஓர் இல்லம் அமைத்ததை உலகம் அறியும். அவர்தம் பணிமுறையில் குறை கண்டோரும் உண்டு. ஆயினும், நடைபாதையில் எவரும் தொடாத ஒரு மனிதனைத் தொட்டுத் தூக்கியது கை. காசோலை அனுப்புவதற்குத் தொட வேண்டியதில்லை. அயலாராவதற்குத் தொட வேண்டும்.

மன்னிப்பு

அயலார் நமக்குத் தீங்கு செய்தால் என் செய்வது? பகைவரையும் நேசிக்கச் சொல்கிறது மலைப்பொழிவு. கிறித்தவ நெறியின் கடினமான படி இது. இதில் ஏறியவர் சிலரே.

நமக்கு அண்டையில் உள்ள ஒடிசாவில், பாரிபதாவில் 1965 முதல் தொழுநோயாளரிடையே பணியாற்றியவர் ஆஸ்திரேலியரான கிரகாம் ஸ்டெய்ன்ஸ். 1999ஆம் ஆண்டு சனவரி 22ஆம் நாள் நள்ளிரவில், மனோகர்பூர் என்னும் சிற்றூரில் வண்டிக்குள் உறங்கிக் கொண்டிருந்த அவரும், அவருடைய சிறு மைந்தர் இருவரும் எரித்துக் கொல்லப்பட்டனர். அவர் மனைவி கிளாடிஸ் அம்மையார், கொன்றவர்களை மன்னித்துவிட்டதாக அறிவித்தார். தாய் நாட்டிற்கு உடனே ஓடிவிடவில்லை. எஞ்சிய ஒரே மகளோடு பாரிபதாவிலேயே சில ஆண்டுகள் தங்கி, கணவர் விட்ட தொண்டைத் தொடர்ந்தார். 2005இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்துச் சிறப்பித்தது.

மன்னிப்பு என்பது குற்றத்தைக் குற்றமன்று எனச் சொல்வதாகாது. வழக்கு நடந்தது, 2003இல் நீதிமன்றம் தண்டனை வழங்கியது, சட்டம் தன் வழியே சென்றது. அம்மையார் செய்தது வேறு. தம் உள்ளத்தைக் கசப்புக்குக் குடியிருப்பாகத் தரமாட்டேன் என்றார்; கொன்றவர் ஊராரையும் மொழியினரையும் வெறுக்க மறுத்தார். தொழுநோயாளர் என்ன குற்றம் செய்தனர்? அவர்களை விட்டுச் சென்றிருந்தால் தண்டனை அவர்களுக்கன்றோ கிடைத்திருக்கும்!

அத்துணைப் பெரிய சோதனை நமக்கு வாராதிருப்பதாக. நமக்கு வருவன சிறியவை. பேருந்தில் ஒருவன் நம் மொழியை இகழ்ந்தான். அலுவலகத்தில் ‘மதராசி’ என்று ஒருவர் ஏளனம் செய்தார். மாடிவீட்டார் தண்ணீர்க் குழாய்க்காகச் சண்டையிட்டார். அதைப் பிடித்துக்கொண்டு, இந்த ஊராரே இப்படித்தான் என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். ஒருவர் செய்ததை ஓர் இனத்தின் கணக்கில் எழுதாமல் இருப்பதே மன்னிப்பின் முதற்படி.

இதன் மறுபக்கத்தையும் நினைப்போம். இன்று திருப்பூரிலும் சென்னையிலும் கோவையிலும் உழைப்போர் பலர் வங்காளத்தாரும் பீகாரியரும் ஒடியரும் ஆவர். நாம் இங்கே எவ்வாறோ, அவர்கள் அங்கே அவ்வாறு. 2023ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், தமிழ் நாட்டில் பீகார்த் தொழிலாளர் தாக்கப்படுவதாகப் பொய்க் காட்சிகள் கைப்பேசி வழியே பரவின. அஞ்சிய தொழிலாளர் இரயிலேறி ஊர் திரும்பினர். காட்சிகள் பொய்யானவை என்று தமிழகக் காவல் துறை அறிவித்தது. பீகார் அரசின் குழுவும் நேரில் வந்து பார்த்துச் சென்றது. பிறனுக்கு எதிராகப் பொய்ச்சான்று கூறாதே என்பது மோசே காலத்துக் கட்டளை. மெய்யா பொய்யா என்று அறியாமல் ஒரு செய்தியைப் பத்துப் பேருக்கு அனுப்புகிறவரும் பொய்ச்சான்று கூறியவரே. முச்சந்தியில் நின்று கூவினால்தான் பொய் என்பதில்லை; விரலால் தொட்டு அனுப்பினாலும் பொய்தான்.

ஒரு பிடி அரிசி

இவையெல்லாம் பெரியோர் செயல்கள். நம்மைப் போன்ற குடும்பத்தார்க்கு ஆகுமோ என்னும் ஐயம் உங்களுக்கு எழலாம். வாடகையும் பள்ளிக் கட்டணமும் ஊருக்கு அனுப்பும் பணமும் போக மிஞ்சுவது சிறிதே என்பதை நாம் அறிவோம். அதற்கும் விடை உண்டு.

வடகிழக்கே மிசோரத்தில் 1910ஆம் ஆண்டு முதல் ஒரு வழக்கம் நிலவி வருகிறது. சமைப்பதற்கு அரிசி அளக்கும்போதெல்லாம் வீட்டுப் பெண்கள் ஒரு பிடியை எடுத்துத் தனிக் கலத்தில் இடுவார்கள். வாரந்தோறும் அது சேர்த்து விற்கப்பட்டுத் திருச்சபையின் பணிகளுக்கு உதவும். மலைநாட்டு ஏழை மக்கள். கையில் காசு இல்லை. ஆனால் பானையில் அரிசி இருந்தது. அப்பிடி அரிசியைக் கொண்டே அவர்கள் பெரும் பணிகளைத் தாங்கி வந்துள்ளனர். திருநெல்வேலிப் பெண்மக்களும் இவ்வாறே பிடி அரிசிக் கலயம் வைத்திருந்தனர். அசரியாவின் சங்கம் அத்தகைய சிறு காணிக்கைகளால் வளர்ந்தது.

ஏழைக் கைம்பெண் ஒருத்தி கோயிற் பெட்டியில் இரண்டு சிறு காசு இட்டதைக் கண்ட பெருமான், செல்வர் எல்லாரினும் மிகுதியாய் இட்டவள் அவளே என்று வியந்ததாக நற்செய்தி நூல் கூறுகிறது. இட்ட காசை எல்லாரும் எண்ணுவர். அவர் எண்ணியது கையில் மிஞ்சியதை. பிடி அரிசியின் நுட்பமும் இதுவே. ஆண்டுக்கு ஒரு முறை மூட்டையாகக் கொடுப்பவன் கொடுத்ததை மறந்துவிடுவான். வேளைதோறும் ஒரு பிடி எடுப்பவள், உலை வைக்கும் ஒவ்வொரு முறையும் வேறொருவரின் பசியை நினைக்கிறாள்.

நம் காலனியில்

இனி நம் வீட்டிற்குள் வருவோம். நம் முன்னோர் இந்நகரத்து வணிக நிறுவனங்களில் கணக்கராகவும் சுருக்கெழுத்தராகவும் வந்து, லேக் மார்க்கெட்டைச் சுற்றிக் குடியமர்ந்தனர். முதலில் வந்தவர் பின்னே வந்தவருக்குத் தங்க இடம் கொடுத்தார். வேலை தேடித் தந்தார். இரயில் நிலையம் வந்து அழைத்துச் சென்றார். அந்த விருந்தோம்பலின் மேல்தான் தமிழ்ச் சங்கங்கள் எழுந்தன. அதில் குறை ஒன்றுமில்லை. ஆயினும் தாங்குவதற்கு எழுப்பிய சுவர் தடுப்பதற்கு ஆகிவிடக் கூடாது. புதிதாய் ஒரு தமிழ்க் குடும்பம் வந்தால், எந்த ஊர் என்று கேட்பதன் உள்ளே வேறொரு கேள்வி ஒளிந்திருக்கிறதா? மூன்று தலைமுறையாய் வாழ்ந்தும் நமக்கு வங்காளி நண்பர் ஒருவர் உண்டா, நம் வீட்டில் உண்ணும் அளவுக்கு?

நம் வீடுகளில் பாத்திரம் துலக்கும் பெண்களை ‘மாசி’ என்று அழைக்கிறோம். வங்க மொழியில் அதற்குத் தாயின் உடன்பிறந்தாள் என்பது பொருள். நம் வழக்கில் பெரியம்மா, சித்தி. அவர்களுள் பலர் சுந்தரவனக் கரையோரச் சிற்றூர்களிலிருந்து விடியுமுன் எழுந்து கானிங் இரயிலில் நெருக்குண்டு வருகின்றனர். 2009இல் ஐலா புயலும் 2020இல் ஆம்பன் புயலும் வீசியபோது அவர்களின் குடிசைகளும் வயல்களும் உப்பு நீரில் மூழ்கின. சித்தி என்று அழைக்கிறோமே, அந்தச் சித்தி எந்த ஊர் என்று கேட்டிருக்கிறோமா? அவர் நோயுற்று நான்கு நாள் வாராதபோது நமக்கு முதலில் தோன்றுவது கவலையா, சினமா? அவருக்குத் தேநீர் கொடுக்கும் குவளை எது? அது எங்கே கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கிறது?

1833இல் தஞ்சாவூரில் திருவிருந்துக் கிண்ணத்தைப் பற்றி எழுந்த வழக்கு இன்னும் முடியவில்லை, அன்பர்களே. அது கோயிலை விட்டு அடுக்களைக்கு வந்திருக்கிறது. கிறித்தவர் வீடானாலும், இந்து வீடானாலும், இசுலாமியர் வீடானாலும், அந்தத் தனிக் குவளை ஒன்றுதான். அதை எடுத்தெறிவதற்குப் பணம் வேண்டாம், சங்கத்தின் தீர்மானம் வேண்டாம், பேராயரின் கடிதமும் வேண்டாம். நாளைக் காலையில் அடுக்களைக்குள் செல்லும் கை போதும்.

இளைஞர்களுக்கு ஒரு சொல். நீங்கள் வங்க மொழியை எங்களினும் நன்றாகப் பேசுகிறீர்கள். அது தமிழுக்கு இழைத்த குற்றம் என எண்ண வேண்டா. தமிழை மறவாதிருங்கள், அயலார் மொழியையும் அன்போடு பேசுங்கள். அசரியா தெலுங்கைக் கற்றதால் தமிழர் அல்லாராகவில்லை. படித்த பிள்ளைகள் தொலைநாடுகளுக்குச் சென்றபின், இக்காலனியில் தனித்து வாழும் முதியோர் வீடுகள் பெருகி வருகின்றன. மருந்து வாங்கித் தரவும், மருத்துவமனைக்கு உடன் செல்லவும், ஒரு மணி நேரம் பேசிக் கொண்டிருக்கவும் ஆள் வேண்டும். அந்தச் சமாரியனைப் போல, மறுநாளும் போய் விசாரியுங்கள்.

பெரியோர்களே, கிறித்தவ நெறி உயர்ந்ததா, பிற நெறிகள் உயர்ந்தனவா என்னும் வழக்கை நாம் தீர்க்க வேண்டியதில்லை. அவரவர் நெறி அவரவரிடம் கேட்கும் நேர்மையை அவரவர் செலுத்தினாலே இக்காலனி விளங்கும். கிறித்தவர்களாகிய எங்களை நீங்கள் அளக்க விரும்பினால், எங்கள் கோயிலின் உயரத்தைக் கொண்டும் கிறித்து பிறப்பு விழா விளக்குகளைக் கொண்டும் அளக்க வேண்டா. எங்கள் வீட்டில் உழைக்கும் பெண்ணைக் கேளுங்கள். எங்கள் வாயிற் காவலரைக் கேளுங்கள். எங்களோடு மனம் வேறுபட்டவரைக் கேளுங்கள். அவர்கள் தரும் சான்றே எங்கள் சமயத்திற்குச் சான்று. அதே அளவுகோலால் உங்களையும் நீங்கள் அளந்து கொள்வீர்களாக.